கட்டிலுக்கு அடியில இருக்கு

இது நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்டு, கை மாறிக் கை மாறி என் காதுக்கு வந்த கதை இல்லை. என் கூடப் பிறந்த அக்காவுக்கு நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிற பகல் மூன்று மணிக்கு. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பழமொழி சொல்லி என்னை மடக்கப் பார்ப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எங்கேயும் இருட்டே இல்லை.

அக்கா லேசில் பயப்படுகிற ஆளும் இல்லை. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, ஜன்னல் திரைகளும் பள்ளிக்கூடச் சீருடைகளும் தைக்கிறவள். அத்தான் ஒரு நூல் ஆலையில் எலக்ட்ரீஷியன். செவ்வாய்க்கிழமை அவருக்கு வார விடுமுறை. வயர் பிடிக்கிற கை எப்படியோ பாம்பு பிடிக்கவும் பழகிக்கொண்டது. வனத்துறையில் முறையாகப் பயிற்சி எடுத்து அட்டை வாங்கியிருக்கிறார். வீடுகளுக்குள் புகுந்துவிடுகிற பாம்பை அடிக்காமல் கொல்லாமல் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட்டு வருவார். அதற்கென்று வனத்துறை கொடுத்த நம்பரோடு தனியாக ஒரு சின்னப் பட்டன் போன் உண்டு. அதை எடுத்துப் பேசுவது அக்காவின் வேலை. ஆலையில் மோட்டார் சத்தத்துக்கு நடுவில் நிற்கிறவர் காதில் போன் மணி எங்கே விழப்போகிறது?

அக்காவுக்கு ஒரு பாடம் மனப்பாடம். போன் வந்தால் துணியைக் கீழே வைக்காமலே ஒப்பிப்பாள். முதல் கேள்வி, "யாரையாவது கடிச்சிருக்கா?" கடித்திருந்தால் மற்ற பேச்சே கிடையாது. "இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, வாயை வெச்சு உறிஞ்சாதீங்க. நடக்கவிடாம தூக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்பாள். கடிக்கவில்லை என்றால் பாடம் நீளும். "ஏழெட்டு அடி தள்ளி நில்லுங்க. பிள்ளைங்களையும் நாயையும் வெளிய கூட்டிட்டுப் போயிடுங்க. அது இருக்கிற அறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்குல துணியைத் திணிங்க. கட்டையைத் தூக்காதீங்க. மண்ணெண்ணெய், ஃபினாயில் எதையும் ஊத்தாதீங்க, பயந்துபோய் இன்னும் உள்ளதான் ஓடும். அவர் வந்துடுவார்."

இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எதிர்முனையில் மூச்சு விடுகிற சத்தம் கேட்குமாம். அக்காவுக்கு அதில் ஒரு பெருமை. "ஊர்ல இருக்கிற எல்லார் வீட்டுப் படுக்கையறைக்குள்ளயும் என் வீட்டுக்காரர் போயிட்டு வர்றார். அந்தந்த வீட்டு ஆம்பளைங்க கையெடுத்துக் கும்பிட்டு அனுப்புறாங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம்.

அந்தச் சிரிப்பு ஒரு செவ்வாய்க்கிழமையோடு நின்றது.

அக்கா மெஷினில் ஊசி மாற்றிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. சுவர்க் கடிகாரத்தில் 3:12.

"பாம்பு வந்திருக்குங்க." பெண் குரல். சின்ன வயசுக் குரல்.

"யாரையாவது கடிச்சிருக்கா?"

"இல்லைங்க."

"எங்க இருக்கு?"

"கட்டிலுக்கு அடியில இருக்கு."

"நீங்க?"

"கட்டில் மேல."

"வீட்ல வேற யாரு?"

"நான் மட்டும்தாங்க."

காலைத் தொங்கப் போடாதே, அது தள்ளிப் போனதும் மெதுவாக இறங்கி வெளியே வந்து கதவைச் சாத்து என்று அக்கா பாடத்தைச் சொன்னாள். முகவரி கேட்டாள். மூடிப்போன பழைய தொழிற்சாலையின் குடியிருப்பு. கடைசி வரிசை, கடைசி வீடு. "பயப்படாதீங்க, அவர் வந்துடுவார்" என்று சொல்லி வைத்தாள்.

அத்தான் பாம்பு பிடிக்கிற கொக்கியையும் குழாயையும் வண்டியில் கட்டிக்கொண்டு 3:20-க்குக் கிளம்பினார். திரும்பி வரும்போது ஐந்து தாண்டிவிட்டது.

"பிடிச்சீங்களா?"

"வீடு பூட்டியிருந்துச்சு."

"பூட்டின வீட்டுல ஒன்றரை மணி நேரம் என்ன பண்ணீங்க?"

"சுத்திச் சுத்திப் பார்த்தேன். அப்புறம் பேசிட்டு இருந்தேன்."

யாரோடு என்று அவர் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டாள். பசிக்கவில்லை என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை. 3:12.

"இன்னும் அவர் வரலயே..."

அதே குரல். அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போன வாரமே வந்தாரேம்மா. வீடு பூட்டியிருந்துச்சுன்னாரே."

"நான் உள்ளதான் இருக்கேன். அது கட்டிலுக்கு அடியிலயே இருக்கு. அவர் வருவார்ல?"

அவர். அந்த ஒரு சொல் அக்காவின் காதில் முள்ளாய்க் குத்தியது. 'சார்' என்று சொல்லலாம். 'பாம்பு பிடிக்கிறவர்' என்று சொல்லலாம். 'உங்க வீட்டுக்காரர்' என்று சொல்லலாம். அதென்ன, வெறும் 'அவர்'? அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்ததே தான்தான் என்பது அக்காவுக்கு அப்போது தோன்றவில்லை.

அத்தான் போனார். ஐந்தேகாலுக்கு வந்தார். வீடு பூட்டியிருந்ததாம். சட்டைப் பையின் மேல் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. பூட்டிய வீடு யாருக்குப் பிஸ்கட் கொடுக்கும்? அக்கா அந்தத் தூளை விரலால் தட்டிவிட்டாள். அன்றைக்குத் தைத்த ஆறு சீருடையிலும் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்து, ராத்திரி உட்கார்ந்து பிரித்தாள்.

சந்தேகம் என்பது வீட்டுக்குள் வந்த பாம்பு மாதிரிதான். ஒரு தடவை வாலைப் பார்த்துவிட்டால் போதும். அப்புறம் கயிறு, வயர், துடைப்பக் குச்சி, எல்லாமே நெளியும். அத்தான் செவ்வாய்க்கிழமை முகம் மழித்தார், ஏன்? நீலச் சட்டையை எடுத்துப் போட்டார், ஏன்? இரண்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமைதான் முகம் மழிக்கிறார், அவரிடம் இருப்பதே மூன்று சட்டை என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை. 3:12.

"நான் இறங்கினேன்... கட்டிலை விட்டு."

"வெளிய வந்துட்டியா?" அக்கா 'வாங்க போங்க'வை விட்டுவிட்டாள்.

"இல்ல. திரும்ப ஏறி உட்கார்ந்துட்டேன்."

ஏன் என்று அக்கா கேட்கவில்லை. பாடத்தின் முதல் கேள்வியையும் அன்றைக்குக் கேட்கவில்லை. அங்கே பாம்பே இல்லை என்று அவளுக்கு அப்போது நிச்சயமாகிவிட்டது. இல்லாத பாம்பு யாரைக் கடிக்கும்?

நான்காவது செவ்வாய்க்கிழமை அந்தக் குரல் மாறியிருந்தது. இழுத்து இழுத்து வந்தது. அப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி, கொஞ்சுகிற மாதிரி...

"கண்ணு... சொருகுது... அவர் வந்தா... என்னை எழுப்பச் சொல்லுங்க..."

அக்கா போனைப் பொத்தென்று வைத்தாள். வயிறு எரிந்தது. உண்மையிலேயே எரிந்ததாம், தொப்புளிலிருந்து தொண்டை வரைக்கும். அந்த வாரம் நான் போயிருந்தபோது எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினாள். "அத்தான்கிட்டயே கேட்டுடேன்" என்றேன்.

"கேட்டா இல்லம்பார். இல்லன்னா நான் நம்பமாட்டேன். ஆமான்னா தாங்கமாட்டேன். எதுக்குக் கேட்கணும்?"

"அப்ப என்ன செய்யப்போற?"

"நேர்ல பார்க்கப்போறேன். ரெண்டு பேரையும் சேர்த்து."

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை வந்தது.

அத்தான் மதியம் 2:30-க்கே வண்டியை எடுத்துக்கொண்டு வயர் வாங்கக் கடைக்குப் போனார். மூன்று மணிக்கு அக்கா கடைக்குப் போன் செய்தாள். "அவர் அப்பவே கிளம்பிட்டாரேம்மா" என்றார் கடைக்காரர்.

3:12. பட்டன் போன் அடித்தது.

"அவர்... வந்துட்டார்னு... நினைக்கிறேன்..." நாக்கு தடித்த மாதிரி இருந்தது அந்தக் குரல். "வெளிய... வண்டிச் சத்தம்..."

அக்காவின் குரல் நடுங்கவில்லை.

"எங்கயும் போகாத. அங்கேயே இரு."

"கால்... தூக்க முடியல..."

"தூக்க வேண்டாம். வாசலுக்குக்கூட வராத. நான் வர்ற வரைக்கும் அங்கேயே கிட."

"சரிக்கா..."

அக்கா என்று கூப்பிட்டது இன்னும் எரிச்சலாக இருந்ததாம். பட்டன் போனைக் கைப்பையில் போட்டாள். ஸ்கூட்டரை எடுத்தாள்.

இனிமேல் அவள் என்னிடம் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். நான் எதையும் சேர்க்கவில்லை.

அங்கே போய்ச் சேர்ந்தபோது 3:29. கடைசி வரிசையில் பத்துப் பன்னிரண்டு வீடு. முக்கால்வாசி காலி. ஆள் உயரத்துக்குப் புல். கடைசி வீட்டுக்கு முன்னால் மரத்தடியில் அத்தானின் வண்டி நின்றது. பின்னால் கொக்கி, குழாய், எல்லாம் கட்டியபடி. அதைப் பார்த்ததும் அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை நாளும் உள்ளுக்குள் எங்கேயோ, 'இருக்காது, இருக்காது' என்று ஒரு மூலை சொல்லிக்கொண்டிருந்ததாம். அதுவும் வாயை மூடிக்கொண்டது.

கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. எத்தனை கோபத்திலும் பழக்கம் போகுமா? வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

ஒரே அறை. நடுவில் கட்டில். கட்டிலில் அவள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பச்சை உடை. இடுப்புக்குக் கீழே போர்வை. மடியில் ஒரு போன். அக்காவைவிடப் பத்து வயது குறைவு. அழகி. கண்கள் பாதி மூடியிருந்தன. உதடு லேசாகப் பிரிந்திருந்தது. யாரையோ எதிர்பார்த்து மயங்கிக் கிடக்கிற மாதிரி... அக்கா அப்படித்தான் பார்த்தாள்.

"அவர் எங்க?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "வெளிய... வந்துட்டார்..."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. காற்றும் இல்லை. அவள் நெற்றியில் விழுந்திருந்த முடி ஓர் இழைகூட அசையவில்லை. அவ்வளவு வெயிலில் அந்த அறை மட்டும் கிணற்றடி போலச் சில்லென்று இருந்தது.

இதையெல்லாம் அக்கா கவனித்தாள். ஆனால் யோசிக்கவில்லை. பொறாமை பிடித்தவள் கண்ணுக்கு ஒரு முகம்தான் தெரியும். கட்டிலை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அக்காவின் செல்போன் அடித்தது. அத்தான். 3:33.

"நீ எங்க இருக்க?" தணிந்த குரல்.

"எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"உன் செருப்பு இங்க வாசல்ல கிடக்கு."

"உள்ளதான் இருக்கேன். உங்க ஆளு முன்னாடிதான் நிக்கிறேன்."



"விளையாடாத. இந்த வீடு பூட்டியிருக்கு."

"பூட்டியிருக்கா?"

"பூட்டைக் கையில பிடிச்சுக்கிட்டுதான் பேசுறேன்."

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

கதவு மூடியிருந்தது. வெளியே பூட்டு அசைகிற சத்தம் கேட்டது... டிங்... டிங்...

மறுபடி முன்னால் திரும்பினாள்.

கட்டில் இல்லை.

அவள் இல்லை. மின்விசிறி இல்லை. உத்தரத்தில் ஒரு வெறும் கொக்கி. ஒட்டடை. கதவு இடுக்கில் கம்பி போல வெயில். தரையில் விரற்கடை உயரத்துக்குப் புழுதி.

கதவிலிருந்து அக்கா நின்ற இடம் வரைக்கும் அந்தப் புழுதியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

ஸ்ஸ்ஸ்ஸ்...

சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற மாதிரி. அக்காவுக்கும் கதவுக்கும் நடுவில். நல்லபாம்பு. முழங்கால் உயரத்துக்கு எழும்பி, படம் விரித்து நின்றது.

"பாம்பு" என்றாள் போனில். அவ்வளவுதான் வாயில் வந்தது.

அத்தானின் குரல் அந்த நொடியே மாறியது. இரண்டு வருடமாக அக்கா ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பாடம் இப்போது அவளுக்கே திரும்பி வந்தது.

"கடிச்சிருக்கா?"

"இல்ல."

"எவ்வளவு தூரம்?"

"நாலு அடி."

"நகராத. கையை ஆட்டாத. போன் காதுலயே இருக்கட்டும். அது உன்னைத் துரத்த வரல, பயந்துபோய் நிக்குது. நீ அசையலன்னா அதுக்கு நீ ஒரு சுவர். பூட்டை உடைச்சா தரை அதிரும். நான் கொண்டி ஸ்குரூவைக் கழட்டுறேன். நாலே நாலு ஸ்குரூ. எதுக்கும் நகராத. புரியுதா?"

"ம்."

திருப்புளி சுழலும் சத்தம். கிர்ர்... கிர்ர்...

முதல் ஸ்குரூ கீழே விழவில்லை. அத்தான் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டார். 3:37.

பாம்பு அசையவில்லை. அக்காவும் அசையவில்லை.

இரண்டாவது ஸ்குரூ துருப்பிடித்திருந்தது. "கொஞ்சம் பொறு" என்றார்.

அக்காவுக்குப் பின்னால் கட்டில் முனகியது.

இல்லாத கட்டில்.

யாரோ அதிலிருந்து இறங்குகிற மாதிரி... க்றீச்...

3:41. இரண்டாவது ஸ்குரூ.

ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம்... சர்ர்ர்... சர்ர்ர்... பக்கத்தில் வந்தது.

அக்காவால் திரும்ப முடியாது. திரும்பினால் பாம்பு.

"மூணாவது" என்றார் அத்தான். 3:44.

பிடரியில் ஒரு மூச்சு.

சில்லென்று.

"அவர்... வந்துட்டாரா..."

அக்கா பாம்பின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்கயும்... போகாத..."

பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அங்கேயே... இரு..."

இந்தத் தடவை அது அந்தப் பெண்ணின் குரல் இல்லை.

அக்காவின் குரல்.

3:48. கதவு திறந்தது.

வெளிச்சம் பாய்ந்தது. பாம்பு சட்டென்று படத்தைச் சுருக்கிச் சுவரோரம் ஒதுங்கியது. அத்தான் வாசலில் நின்றார். அவர் முதலில் பார்த்தது பாம்பை இல்லை. அக்காவையும் இல்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். ஒரு நொடி. இரண்டு நொடி. அப்புறம்தான் கண்ணைக் கீழே இறக்கினார்.

அதற்குப் பிறகு அவர் கைக்குத் தெரிந்த வேலை. குழாயின் ஒரு முனையில் துணிப்பையை மாட்டி, இன்னொரு முனையைச் சுவரோரமாகத் தரையில் வைத்தார். பாம்புக்கு இருட்டுப் பொந்து என்றால் அடைக்கலம். கொக்கியால் லேசாக வழிகாட்டினார், தொட்டும் தொடாமல். அது தானாகவே குழாய்க்குள் புகுந்து பைக்குள் போய்ச் சுருண்டது. பையைத் திருகி, முடிச்சுப் போட்டு, மூடி போட்ட வாளிக்குள் வைத்தார். அக்காவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தபோது அவர் கை வேர்த்திருந்தது. பாம்பு பிடிக்கும்போது அவருக்கு ஒரு நாளும் வேர்த்ததில்லை.

எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தனியாக இருக்கிறார். அத்தான் வந்த செவ்வாய்க்கிழமையெல்லாம் பூட்டிய வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் வீட்டில்தான் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு வயர் மாற்றத்தான் கடையிலிருந்து நேராக வந்திருந்தார். இவ்வளவுதான் விஷயம். அக்காவுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. டிரைவர் தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"உள்ள யாரையாவது பார்த்தியாம்மா?"

அக்கா சொன்னாள். பச்சை உடை. போர்வை. பாதி மூடிய கண்.

டிரைவர் அந்த வீட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"நாலு வருஷம் ஆச்சு. அன்னிக்கும் செவ்வாய்க்கிழமைதான். வீட்டுக்காரன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தான். கட்டிலை விட்டு இறங்கும்போது பாம்பு கால்ல கடிச்சிருக்கு. நான் இதே நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். ஒரு குரல் கொடுத்திருந்தா ஓடியிருப்பேன். கொடுக்கல. அஞ்சு மணிக்கு அவன் எனக்குப் போன் பண்ணி, எடுக்கமாட்டேங்குறா, பாருங்கன்னான். போய்ப் பார்த்தா, இமை தானா மூடிக்குது. நாக்கு குழறுது. விஷம் அப்படித்தான் பண்ணுமாம், டாக்டர் சொன்னார்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். கொஞ்சல் என்று அவள் நினைத்த குரல் அது.

"ஏம்மா வெளிய வரலன்னு கேட்டேன். 'ஒரு அக்கா போன்ல சொன்னாங்க, எங்கயும் போகாத, அங்கேயே இருன்னு' அப்படின்னா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அதையேதான் சொல்லிட்டு வந்தா. உள்ள போனவ திரும்பி வரல."

"யாரு அந்த அக்கா?" என்றார் அத்தான்.

"அதைத்தான் நானும் தேடினேன். அவளுக்கு அஞ்சு தடவை போன் வந்திருந்துச்சு. மூணு பன்னிரண்டுல ஆரம்பிச்சு ஒண்ணு பின்னால ஒண்ணா. எல்லாம் ஒரே நம்பர். குறிச்சு வெச்சேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கணும்னு ஒரு வருஷம் அடிச்சுப் பார்த்தேன். அப்படி ஒரு நம்பரே இல்லன்னுதான் ஒவ்வொரு தடவையும் போன்ல சொல்லுச்சு. அப்புறம் விட்டுட்டேன்."

அக்கா கைப்பையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "இப்ப ஒரு தடவை அடிங்க" என்றாள்.

டிரைவர் தன் போனை எடுத்தார். தேடினார். அழுத்தினார்.

அக்காவின் கைப்பைக்குள் பட்டன் போன் அடித்தது.

அந்த நம்பரை வனத்துறை அத்தானுக்குக் கொடுத்தே இரண்டு வருடம்தான் ஆகிறது. அந்தப் பெண் செத்து நான்கு வருடம்.

அத்தான் பட்டன் போனை வாங்கிப் பார்த்தார். வந்த அழைப்புகளில், டிரைவர் சொன்ன அந்தப் பெண்ணின் நம்பர் எங்கேயும் இல்லை. 'டயல் செய்தவை' என்ற பக்கத்தைத் திறந்தார். அங்கே இருந்தது. ஐந்து செவ்வாய்க்கிழமை. ஐந்தும் 3:12. அக்காவுக்கு அந்த நம்பர் மனப்பாடம் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

பூட்டிய வீட்டுக்குள் அக்கா எப்படிப் போனாள் என்று யாருக்கும் தெரியாது. அத்தானிடம் நானே கேட்டேன், அவள் தோளுக்குப் பின்னால் என்ன பார்த்தீர்கள் என்று. "பாம்பை மட்டும்தான் பார்த்தேன்" என்றார். அக்கா நம்பவில்லை. "ரெண்டு நொடி பார்த்தார். என்னை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்ல" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். அவ்வளவுக்குப் பிறகும் அது ஒன்றைத்தான் அவளால் விட முடியவில்லை.

பாம்பு போன் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. "கடிச்சிருக்கா?" என்று இப்போது ஒவ்வொருவரிடமும் மூன்று முறை கேட்கிறாள். செவ்வாய்க்கிழமை மட்டும் மூன்று மணிக்கு என்னை வரச் சொல்லி, போனை என் கையில் கொடுத்துவிட்டு, மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

போன செவ்வாய்க்கிழமையும் போயிருந்தேன். போனை ஆஃப் செய்து என் மடியில் வைத்திருந்தேன். 3:12 ஆனது. அடிக்கவில்லை. அப்பாடா என்று அக்காவைப் பார்த்தேன்.

அவள் கண்கள் பாதி மூடியிருந்தன. வலது கைக் கட்டைவிரல் மட்டும் முழங்கால் மேல் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது... ஒவ்வொரு எண்ணாக அழுத்துகிற மாதிரி.